ரத்தப் பரிசோதனையும் ஒரு மண்டல விரதமும்

என் உள்ளங்கைகளில் செம்பு நிறப் புள்ளிகள் தோன்றியபோது ஊரே பூட்டிக் கிடந்தது. தொற்றுக் காலம். கோயில் கதவைச் சாத்தியிருந்தார்கள். பௌர்ணமிக்குக் கூட்டம் சேரக்கூடாது என்று கிரிவலப் பாதையின் முனைகளில் தடுப்பு வைத்திருந்தார்கள். செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன விடுதிகளின் வாசலில் நாய்கள் படுத்திருந்தன. அந்தப் புள்ளிகள் அரிக்கவில்லை, வலிக்கவும் இல்லை. அதனால்தான் பயந்தேன்.

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சிபிலிஸ் கிருமியைக் கரும்பலகையில் சுருள் சுருளாக வரைந்து காட்டியிருக்கிறேன். “முதலில் வலியில்லாத ஒரு புண் வரும். தானே ஆறிவிடும். நோய் போய்விட்டது என்று முட்டாள் நினைத்துக்கொள்வான்” என்று சொல்லி நிறுத்துவேன். பையன்கள் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். எனக்கு அந்தப் புண் வந்து ஆறிப்போயிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரடங்குக்கு முன்பு, என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பன் புதுச்சேரியில் வீடு கட்டிக் குடிபுகுந்தான். மனைவிக்குக் கால் வீக்கம், வரவில்லை. நான் மட்டும் போனேன். விருந்து முடிந்ததும் விடுதி அறைக்கு அவன் ஒரு பெண்ணை வரவழைத்தான். அவன் வற்புறுத்தினான் என்று எழுதினால் அது பாதிப் பொய். வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் விட்டிருப்பான். குடித்திருந்தேன். ஆனால் செய்வது இன்னதென்று தெரியாத அளவுக்குக் குடிக்கவில்லை.

எங்கள் வயதில் கணவன் மனைவிக்குள் அதெல்லாம் முடிந்துபோயிருக்கும் என்று இளையவர்கள் நினைப்பார்கள். முடிந்துவிடவில்லை, எப்போதாவது இருந்தது. புண் ஆறிய பிறகு, தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதியில், இருந்தது. ஆகவே கையில் புள்ளிகளைப் பார்த்த அன்று என் மனதில் எழுந்த கேள்வி ஒன்றுதான். அவளுக்கும் கொடுத்துவிட்டேனா?

அதைத் தெரிந்துகொள்ள முதலில் என் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் ரத்தம் எடுப்பவர், மாத்திரை கொடுப்பவர், சீட்டுப் போடுபவர் எல்லாரும் என் மாணவர்கள், அல்லது என் மாணவர்களின் பிள்ளைகள். அரசு மருத்துவமனையில் இதற்கென்றே ஓர் அறை உண்டு. அங்கே நடப்பதை வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த நாட்களில் வாசலிலேயே நிறுத்தி, வந்த காரணத்தைக் கேட்டு, சிலரை மட்டுமே உள்ளே விட்டார்கள். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றேன். வாசலில் நின்ற ஆள் தூரத்திலேயே கையைத் தூக்கினான்.

“சார், வணக்கம்! நீங்க எதுக்கு சார் க்யூல நிக்கறீங்க? எந்த டாக்டர்னு சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.”

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“சும்மா, பிரஷர் மாத்திரை வாங்கலாம்னு.”

“அவ்ளோதானே, நீங்க நிழல்ல உக்காருங்க சார்.” ஓடிப்போய் வாங்கி வந்து கையில் கொடுத்தான். எனக்கு ரத்த அழுத்தம் கிடையாது. அந்த மாத்திரைகள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

பிறகு வேலூரில் தோல், பால்வினை நோய்களுக்குப் பார்க்கும் ஒரு பெண் மருத்துவரின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். போனை எடுத்த பெண், “நேர்ல பாக்கறது ரொம்ப கம்மி சார். வீடியோலதான் பாப்பாங்க. என்ன ப்ராப்ளம்?” என்றாள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கையில… அரிப்பு.”

போனை வைப்பதற்குள் மனைவி கேட்டாள். “அரிப்பா? சொல்லவே இல்ல? காட்டுங்க, வேப்பிலை அரைச்சுப் போடறேன்.”

“வேணாம், வேணாம். சோப்பு மாத்தினதுல வந்துது.”

வீட்டில் வைத்து மருத்துவரிடம் பேச முடியாது என்று புரிந்தது. ஒரே கட்டிலில் படுக்கவும் கூடாது. இரண்டுக்கும் ஒரே காரணம் வேண்டும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் முதுகுவலி என்று சொல்லியிருப்பான். நான் இந்த ஊரில் பிறந்தவன். இங்கே விரதம் என்று சொன்னவனை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மனைவியை விட்டுத் தள்ளிப் படுக்கலாம், வேளை கெட்ட வேளையில் வெளியே போகலாம், பேசாமல் இருக்கலாம். அந்த ஒரு சொல் போதும். காலையில் காபி குடிக்கும்போது ஆரம்பித்தேன்.

“இன்னையிலேருந்து ஒரு மண்டலம் கிரிவலம் வரப்போறேன். தரையில படுக்கை. ஒரு வேளைதான் சாப்பாடு.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “யாரு, நீங்களா?”

“ஏன், நான் போகக்கூடாதா?”

“மலை வெறும் பாறைன்னு சொன்னவராச்சே. தீபத்தன்னிக்குக்கூட மாடிக்கு வராம பேப்பர் படிச்சிட்டு இருப்பீங்க. இப்ப என்ன திடீர்னு?”

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். “உனக்குச் சர்க்கரை ஜாஸ்தியாயிட்டே போகுதே. குறையணும்னு வேண்டிக்கிட்டேன்.”

அவள் எழுந்துபோய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து அவள் தங்கையிடம் போனில் பேசுவது கேட்டது. “உங்க மாமா எனக்காக விரதம் இருக்காருடி. ஆமா, எனக்காக. நீயும் சிரி. நானே நம்பல, சூரியன் மேக்கால உதிச்சிருக்கு.”

மறுநாள் விடிவதற்குள் எனக்குப் பாயும் தலையணையும் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

மருத்துவர் வீடியோவில் வந்தபோது நான் கிரிவலப் பாதையில், ஒரு சிறு பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. முகக்கவசம் போட்டிருந்தார்; குரலை வைத்துப் பார்த்தால் சின்ன வயதுக்காரர். “கையை வெளிச்சத்துப் பக்கம் காட்டுங்க சார். உள்ளங்கால்ல இருக்கா? அதையும் காட்டுங்க.” ஒரு காலைத் தூக்கி போனுக்கு நேராகப் பிடித்தேன்.

எதிரே புளியமரத்தடியில் ஒரு சாமியார் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். “இன்னா சாமி, போன்லயே கைரேகை பாக்கறியா? கால்லயுமா ரேகை கீது?” என்றார். “நல்ல காலம் எப்ப வருதாம்? எனக்கும் சேத்துக் கேட்டுச் சொல்லு.”

மருத்துவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். பிறகு, புதுச்சேரி இரவையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, “ரெண்டு டெஸ்ட் எழுதறேன் சார். ஒண்ணு நீங்க நினைக்கறது. இன்னொண்ணு எச்.ஐ.வி. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பாங்க” என்றார்.

“வீடு வேணாம்மா. வேற இடம் சொல்றேன்.”

“சரி. வீட்டம்மாவுக்கு எப்டி இருக்கு?”

“அவளுக்கு ஒண்ணும் இல்ல.”

“டெஸ்ட் பண்ணீங்களா?”

“இல்ல.”

“அப்ப எப்டிச் சொல்றீங்க?”

வாய்மொழித் தேர்வில் நான் மாணவர்களைக் கேட்கும் கேள்வி அது.  “அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும் சார். அந்த இன்னொருத்தங்களுக்கும் தெரிவிக்கணும். சீக்கிரம்” என்றார். ரிசல்ட் வரட்டும், வந்ததும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ஆசிரமப் பகுதியில் காலியாகக் கிடந்த ஒரு விடுதியின் தோட்டத்தில் ரத்தம் எடுத்தார்கள். வந்தவள் தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்டிருந்தாள். கண்கள்கூடக் கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாகத்தான் தெரிந்தன. பெயர் கேட்டாள். பொய்ப் பெயர் ஒன்றைச் சொன்னேன். எழுதுவதற்கு முன் கொஞ்சம் தயங்கியது போலிருந்தது. “கையை மடக்கிக்குங்க, சார்” என்றாள். முடித்துவிட்டுப் போகும்போது, “வெறுங்கால்ல வந்திருக்கீங்க, பாத்து நடங்க சார்” என்றாள். என் வகுப்பில் உட்கார்ந்தவளா, எல்லாரையும் சார் என்பவளா, இன்றுவரை தெரியாது. கடைத்தெருவில் எந்த இளம்பெண் சார் என்று கூப்பிட்டாலும் எனக்கு அந்தத் தோட்டத்து நினைவு வருகிறது.

இதற்குள் வீட்டில் என் பொய் என்னை மீறி வளர்ந்துவிட்டது. ஒருவர் விரதம் இருந்தால் மற்றவர் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. அவளும் ஒரு வேளை உணவைக் குறைத்தாள். செவ்வாய்க்கிழமை அன்று, நானும் வருகிறேன் என்று கிளம்பி நின்றாள்.

“உன்னால முடியாது. அவ்ளோ தூரம்.”

“எனக்காக நீங்க நடப்பீங்க, நான் வீட்ல உக்காந்து சீரியல் பாக்கணுமா?”

“செருப்பாவது போட்டுக்கோ.”

“கிரிவலத்துல செருப்பா? நல்லா இருக்கே. வேண்டுதல் கெட்டுடும்.”

மெதுவாகத்தான் நடந்தாள். நின்று நின்று வந்தாள். ஆனால் உட்கார மறுத்தாள். அடி அண்ணாமலையைத் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. அப்போது போன் அடித்தது. வேலூர் எண்.

“நீ மெதுவா போயிட்டே இரு. நான் பின்னாடியே வரேன்.”

“யாரு?”

“பேங்க்ல.”

“இந்த வெயில்லயா பேங்குல கூப்பிடறாங்க?” என்று முணுமுணுத்தபடி நடந்தாள். அவள் காதுக்கு எட்டாத தூரம் போகட்டும் என்று காத்திருந்தேன். அது போதாதென்று, இன்னும் போ என்று கையாலும் காட்டினேன்.

எச்.ஐ.வி. இல்லை. சிபிலிஸ் உண்டு. ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பெரிய பயம் இறங்கியதும் அழுகை வந்தது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். முகம் கழுவிக்கொள்ள ஒரு குழாயைத் தேடினேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் சாலையின் இடது ஓரத்தில், கொதிக்கும் தாரில், வெறுங்காலோடு எனக்காக நின்றுகொண்டிருந்தாள். சில அடி தள்ளி, வலப்பக்கத்தில், மரநிழல் கரேலென்று விழுந்திருந்தது.

“நிழல்ல நிக்கக்கூடாதா?”

“மலையோரம் சித்தருங்க நடக்கற பக்கம்ங்க. நாம அங்க போய் வழி மறிக்கலாமா?”

“கால் சுடலியா?”

“ஒண்ணுமே தெரியல. பாத்தீங்களா, சாமி மகிமை” என்று சிரித்தாள்.

நீண்ட காலமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போகும்; சுட்டால் தெரியாது. அதையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவள் காலைத் தூக்கிப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. என் நோய் தீரும் என்ற செய்தி என்னை அப்படி நிரப்பியிருந்தது. பார்க்கவில்லை.

மருத்துவர் சொல்லி வைத்து, ஊரிலேயே ஒரு சிறிய மருத்துவமனையில் பின்வாசல் வழியாகப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் போட்டார்கள். நடக்க முடியாமல் வீட்டுக்கு வந்தேன். “இப்டி தினம் நடந்தா இடுப்பு பிடிச்சிக்காதா? குப்புறப் படுங்க” என்று நல்லெண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்துவிட்டாள். எனக்காக இப்படிக் கஷ்டப்படுகிறீர்களே என்றாள். நான் முகத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ரிசல்ட் வந்ததும் சொல்கிறேன் என்றவன், ஊசி போட்டதும் சொல்லலாம் என்று தள்ளினேன். ஊசி போட்டதும், மண்டலம் முடியட்டும் என்று தள்ளினேன்.

ஒரு நாள் காலை சமையலறைத் தரையில் அவள் நடந்த வழியெல்லாம் ஒரு கால் சுவடு மட்டும் ஈரமாகப் பதிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். தண்ணீர் இல்லை. அவளைப் பிடித்து உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பினேன். மஞ்சள் பூசிய துணி. அதைப் பிரித்ததும் நாற்றம் வந்தது. பெருவிரலை அடுத்த விரல் கறுத்திருந்தது.

“எத்தன நாளா இப்டி?”

“அன்னிக்கு நடந்தப்பவே கொப்புளம் வந்துது. வலிதான் இல்லியேன்னு விட்டுட்டேன். சொன்னா நிறுத்திடுவீங்க. எனக்குன்னு வேண்டிக்கிட்டு நானே கெடுக்கலாமா? மண்டலம் முடியட்டும்னு இருந்தேன்.”

மண்டலம் முடியட்டும். நான் எனக்குள் சொல்லிக்கொண்ட அதே வார்த்தை.

மருத்துவமனையில் படுக்கை கிடைக்க அலைந்ததை எழுதப்போவதில்லை. கிடைத்தது. காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். கடைசியில் அந்த ஒரு விரலோடு நிறுத்த முடிந்தது. உள்ளே போவதற்கு முன் அறுவை மருத்துவர் வெளியே வந்து, “சர்க்கரைதான் ஜாஸ்தி. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்கற மத்த டெஸ்ட் எல்லாம் கிளியர்” என்றார். மற்ற டெஸ்ட் என்றால் எது எது என்று கேட்டேன். அவர் வியப்போடு பார்த்துவிட்டுச் சொன்னார். நான் கேட்க விரும்பிய பெயரும் அதில் இருந்தது.

உள்ளே அவள் விரலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நடைபாதையில் நான், தப்பித்துவிட்டேன், இனிச் சொல்ல வேண்டியதில்லை என்று மகிழ்ச்சியோடு நின்றேன். புதுச்சேரி இரவைவிட, விரதப் பொய்யைவிட, அந்த மகிழ்ச்சியை நினைத்தால்தான் எனக்கு அதிகம் கூசுகிறது.

அந்த மகிழ்ச்சியில்தான் வேலூர் மருத்துவரை அழைத்தேன்.

“அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?” என்றார்.

“அதான் இல்லன்னு வந்துடுச்சேம்மா.”

“நீங்க பாடம் எடுத்தவரு சார். இன்னைக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா? கொஞ்ச நாள் கழிச்சி மறுபடி பாக்கணும். அதுக்கு முன்னாடி ஊசி போட்டுடறது நல்லது. ஆனா அவங்களுக்குச் சொல்லாம நான் போடமாட்டேன். சர்க்கரைக்குன்னு பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்கன்னா நானே சொல்லிடுவேன்.”

உண்மையில் நான் நினைத்து வைத்திருந்தது அதைத்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் கட்டிலில் காலைத் தலையணை மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். “காலே போயிருக்கும்னு சொன்னாங்க. உங்க வேண்டுதல்தான் விரலோட நிறுத்திச்சு” என்றாள். தங்கையிடம் அதைச் சொல்லப் போனை எடுத்தாள். நான் போனை வாங்கிக் கீழே வைத்தேன். நாற்காலியில் உட்காராமல் என் பாயில் உட்கார்ந்து சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“எப்ப?” என்றாள்.

“புதுச்சேரி போனப்ப.”

“அதுக்கப்புறமும் என்கிட்ட வந்தீங்க.”

“ஆமா.”

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அப்ப வேண்டுதல்?”

பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்தேன்.

“எனக்குச் சர்க்கரை குறையணும்னு வேண்டிக்கிட்டேன்னு சொன்னீங்களே. அது?”

“அது உன்கிட்டயிருந்து தள்ளிப் படுக்கறதுக்காக.”

கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். அது வேறு யாருடையதோ போலப் பார்த்தாள். “எங்கியோ போனீங்க, போங்க. நோயக் கொண்டாந்தீங்க, அதுக்கு ஊசி இருக்குன்றீங்க. நான் எதுக்குங்க அந்த வெயில்ல நின்னேன்?”



மருத்துவரின் எண்ணை வாங்கிக்கொண்டு என்னை வெளியே போகச் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஊசி போட்டுக்கொண்டாள். பிறகு எடுத்த பரிசோதனையிலும் அவளுக்கு ஒன்றும் இல்லை என்றே வந்தது. அவளே வாசித்துவிட்டு, “ஒண்ணும் இல்லயாம்” என்று கதவைப் பார்த்துச் சொன்னாள்.

புதுச்சேரி நண்பனைப் போனில் கூப்பிட்டு, அந்தப் பெண்ணுக்குச் சொல்லும்படி கேட்டேன். “யோவ், உனக்கென்ன பைத்தியமா? வயசான காலத்துல வாயை மூடிக்கிட்டு இரு” என்று வைத்துவிட்டான். மறுபடி அழைத்தால் எடுப்பதில்லை. அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவளிடம் அது இன்னும் இருக்கிறதா, அவளிடமிருந்து எத்தனை பேருக்குப் போயிற்று, எனக்குத் தெரியாது.

இப்போது கிரிவலம் திறந்துவிட்டார்கள். பௌர்ணமி தோறும் எங்கள் தெரு வழியாகக் கூட்டம் போகிறது. என் மனைவியால் அதிக தூரம் நடக்க முடியாது. தனியாகத் தைத்த செருப்பு போட்டுக்கொண்டு வாசல் வரை வந்து நின்று பார்ப்பாள். எனக்கு வேளைக்குச் சாப்பாடு போடுகிறாள். உப்பு போதுமா என்று கேட்கிறாள். மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள். தன் காலை மட்டும் என்னைத் தொடவிடுவதில்லை. கட்டு மாற்றிய நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் கூப்பிட்டாள்.

தங்கையிடம் அவள் எதையும் சொல்லவில்லை. போன வாரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. தங்கை கேலியாகக் கேட்டாள். “ஏங்க்கா, மாமா இன்னும் கீழதான் படுக்கறாரா? அவரு விரதம் எப்பதான் முடியும்?”

நான் பேப்பரை மடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“இன்னும் முடியலடி” என்றாள்.

அன்றும் பாயை நானேதான் விரித்தேன்.